சபையோரே

கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே போகும் சாலையில் உள்ள ஓர் ஊரில் சென்ற ஆண்டு பாரதக் கூத்துப் பார்த்தேன். அன்றைக்குத் துகிலுரிதல். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிய கூத்து விடிகிற நேரத்தில் முடிந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது டீக்கடை திறந்திருந்தது. ஏழெட்டு ஆண்கள் அங்கே நின்றபடி இரவுக் கூத்தை அலசிக்கொண்டிருந்தார்கள். துச்சாதனன் வேஷக்காரர் சுழன்று சுழன்று ஆடியதை ஒருவர் மெச்சினார். திரௌபதி வேஷக்காரருக்குப் பின்னிரவில் குரல் கட்டிவிட்டது என்று ஒருவர் குறைப்பட்டார். போன வருஷம் வந்த ஜமாவே தேவலை என்றார் இன்னொருவர். அடுத்த வருஷம் யாரை அழைப்பது என்பதுவரை பேச்சு போனது.

என்னோடு உட்கார்ந்து பார்த்த பெண்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட டீக்கடைப் பக்கம் நிற்கவில்லை. வாசல் தெளிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், சிலர் குளித்துவிட்டு ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். கூத்து எப்படி இருந்தது என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. இரவு முழுவதும் கண்விழித்துப் பார்த்த ஐம்பது பேரின் அபிப்பிராயம் இல்லாமலேயே அந்தக் கூத்து நல்ல கூத்தா இல்லையா என்பது முடிவாகிவிட்டது.

பெண்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. அது வேறிடத்தில் பேசப்படுகிறது. குழாயடியில், ஷேர் ஆட்டோவில், கும்மிடிப்பூண்டி ரயிலின் பெண்கள் பெட்டியில். அப்படிக் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கூத்து முடிந்து இரண்டு நாள் கழித்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து மாமியார் வீட்டுக்குப் போகிறார். "யக்கா, நீங்க அன்னிக்குக் கூத்துல இருந்தீங்க இல்ல?" என்று அவர்தான் ஆரம்பித்தார். பேச்சு இயல்பாக அந்த இரவுக்குப் போனது. கூத்து பிடித்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னாக்கா கூத்து. அம்மாம் பேரு பெரிய பெரிய ஆளுங்க. எல்லாரும் பாத்துக்கினு தான இருந்தாங்க."

அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு விமர்சனமாகவே படவில்லை. கதையைச் சொல்கிறார், கூத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று நினைத்தேன். நான் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்தவள்; பாட்டு, அடவு, வேஷம், பாத்திரப் படைப்பு என்று பகுத்துப் பேசினால்தான் அது கருத்து என்று பழக்கப்பட்டவள். என் மாணவிகளின் விடைத்தாளிலும் அதற்குத்தான் மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன். டீக்கடை ஆண்கள் பேசியது எனக்கு விமர்சனமாகக் கேட்டது. இந்தப் பெண் பேசியது புலம்பலாகக் கேட்டது. எவ்வளவு பிசகாகக் கேட்டேன் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

கூத்துக்காரர்கள் பார்வையாளர்களை என்னவென்று அழைக்கிறார்கள்? சபையோர் என்கிறார்கள். கட்டியங்காரன் திரைக்கு முன்னே வந்து கதையைச் சொல்லத் தொடங்குவது சபையை நோக்கித்தான். திரௌபதி இழுத்துவரப்படுவதும் சபைக்குத்தான். அஸ்தினாபுரத்து சபையும், பாய்போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் சபையும் கூத்தில் தனித்தனியாக இல்லை. நடுவில் மேடைப் படிக்கட்டு கிடையாது. பீஷ்மனும் துரோணனும் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அவள் கேள்வி கேட்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

அந்தக் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தருமன் முதலில் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? தன்னைத் தோற்று அடிமையான பிறகு என்னைப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை? அது சட்டக் கேள்வி. பதில் இருக்கும் கேள்வி. பீஷ்மன் தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறான். விதுரன் பேசுகிறான், எடுபடவில்லை. கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் எழுந்து இது தவறு என்கிறான். கர்ணன் அவனை அடக்கிவிடுகிறான். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1912இல் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை வெளியிட்ட பாரதி, அந்தக் காவியத்தின் பின்பகுதியில், இழுத்துச் செல்லப்படும் அவளைத் தெருவில் நின்று பார்த்த ஊர் மக்களைக் கடுமையாகச் சாடுகிறார். அவருடைய கோபம் துச்சாதனனோடு நிற்காமல் வேடிக்கை பார்த்தவர்கள்மேலும் விழுகிறது.

ரயிலில் அந்தப் பெண் சொன்னதும் அதைத்தான். மூன்று சொற்களில் அவர் அந்தக் காட்சியின் நடுவில் கைவைத்துவிட்டார். ஆடியவர் நன்றாக ஆடினாரா என்பதைவிட, பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. அதைவிடக் கூர்மையான நாடக விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

இதை மறுவாரம் வகுப்பில் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் பலர் திருத்தணி, ஊத்துக்கோட்டை, பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், கூத்துப் பார்த்தவர்கள். துகிலுரியும் காட்சியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கைவைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். நான் வேஷம் கட்டியவன், என்னைப் பொறுத்துக்கொள் தாயே என்று அம்மனிடம் வேண்டிக்கொண்ட பிறகுதான் மேலே ஆடுவார். திரௌபதி வேஷத்தில் இருப்பவரும் ஆண்தான் என்றாலும் அந்த நேரத்தில் அவர் அம்மன். இந்த இடத்தைப் பற்றி ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அம்மன்கிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க மேம். அம்மனா இல்லாத பொண்ணா இருந்தா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இன்னொரு பெண் கோபமாகவே எழுந்தாள். அவளுடைய பாட்டி விரதமிருந்து, மஞ்சள் உடுத்தி அந்தக் கூத்தைப் பார்க்கிறவர். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் வீழ்ந்து, திரௌபதி கூந்தல் முடிக்கும்போது பாட்டி அழுவாராம். அந்த அழுகைதான் வருஷம் முழுவதும் அவரைத் தாங்குகிறது. "அதை இப்படிக் கேள்வி கேட்டுப் பிரிச்சுப் போடணுமா மேம்?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே கூத்தைப் பார்த்தவர்கள். ஒருத்தி அதில் ஓட்டையைப் பார்க்கிறாள், இன்னொருத்தி அதில் ஒரு நிழலைப் பார்க்கிறாள். நான் என்ன செய்தேன்? மணி அடிக்கப் போகிறது என்று அவசரமாக இரண்டையும் தொகுத்து, சடங்கு நாடகம், பெண் தெய்வமாக்கல் என்று நான்கு கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி முடித்தேன். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய கேள்விகளை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கர்ணன் விகர்ணனை அடக்கியது அதட்டலால். நான் அடக்கியது கலைச்சொற்களால்.

நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை யாருக்கு என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரம் அதை ஒருபோதும் சின்ன விஷயமாக நினைத்ததில்லை. 1876இல் ஆங்கிலேய அரசு நாடக நிகழ்த்துதல் சட்டம் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பிறகும் 1954இல் தமிழ்நாட்டுக்கென்று அப்படியொரு சட்டம் வந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டிய நிலை அதனால் நீடித்தது. ஒரு நாடகம் மக்களுக்கு உகந்ததா என்பதை மக்கள் பார்ப்பதற்கு முன்பே ஓர் அதிகாரி முடிவு செய்தார். பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நம்முடைய முதல் பார்வையாளர் போலீஸ்காரராக இருந்திருக்கிறார்.

அந்தச் சட்டம் போய்விட்டது. வீட்டுக்குள் இருக்கும் சட்டம் போகவில்லை. வயதுக்கு வந்த பெண் இரவுக் கூத்துக்குத் தனியாகப் போகலாமா? மருமகள் போனால் மாமியாரோடு போக வேண்டுமா? தூங்கிவிழும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பவள் எத்தனை காட்சியை முழுதாகப் பார்த்திருப்பாள்? ஊர்க் கோயில் கூத்தைச் சேரிப் பெண் எங்கே நின்று பார்த்தாள், நிற்க விட்டார்களா? ஒரு கருத்து உருவாக முதலில் ஓர் இடம் வேண்டும். உட்கார, விழித்திருக்க, கடைசிவரை பார்க்க, பார்த்ததை இன்னொருத்தியிடம் சொல்ல ஓர் இடம். நம் காப்பியங்களில் அவையடக்கம் என்று ஒரு மரபு உண்டு. பெரும்புலவனும் அவையை வணங்கித்தான் தொடங்குவான். அந்த அவையில் நம் பாட்டிமார் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பாடத்திட்டம் கேட்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை என் தோழி ஒருத்தியே சொன்னாள். "நாடகம் நீதிமன்றமா? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள் கட்டியங்காரன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகட்டுமே. பார்த்ததற்கெல்லாம் கருத்துச் சொல்லியாக வேண்டும் என்று அவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது என்ன பெண்ணியம்?"

இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சும்மா இருக்கும் உரிமையும் பெண்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. கூத்தில் பாதித் தூக்கத்தில் கிடக்கும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் கட்டியங்காரன் மனைவியை அடக்குவது பற்றி ஒரு கொச்சைத் தமாஷ் சொன்னார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கமும் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொள்வதுபோல முந்தானையால் மூடிக்கொண்டேன். ஆக நான் சும்மா இருக்கவில்லை. என் அபிப்பிராயம் சபையில் பதிவாகிவிட்டது. அந்தத் தமாஷ் அடுத்த ஊரிலும் சொல்லப்படும். சபையில் உட்கார்ந்தவர் எதுவும் சொல்லவில்லை என்றால் அங்கே ஏற்கெனவே வலுவாக இருக்கும் குரலுக்கு அது சம்மதமாகப் போய்ச் சேர்கிறது. பீஷ்மனின் மௌனம் துரியோதனனுக்குத்தான் பயன்பட்டது.

எனவே நான் தோழிக்குச் சொல்ல விரும்புவது இது: சும்மா இருப்பதை ஒருத்தி தேர்ந்துகொண்டால் அது அவள் உரிமை. கேட்பாரில்லை என்பதால் சும்மா இருந்தால் அது அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒருமுறையாவது அவளைக் கேட்க வேண்டும்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் ஒரு கதை சொல்லியிருக்கிறார். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தபோது நடந்தது. கணவனால் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதையை நடித்துக் காட்டி, அவள் என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளர்களைக் கேட்டார்கள். ஒரு பெண் எழுந்து, அவனோடு தெளிவாகப் பேச வேண்டும் என்றார். நடிகை பேசிக் காட்டினார். இது இல்லை என்றார் அந்தப் பெண். மறுபடி நடித்தார்கள். அதுவும் இல்லை. பொறுமை போன போவால், நீங்களே வந்து காட்டுங்கள் என்றார். அந்தப் பெண் மேடையேறி, துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேஷக்காரரைச் சாத்தினார். தெளிவாகப் பேசுவது என்றால் அவருக்கு அதுதான் பொருள். அவர் சொன்ன சொல் எல்லோருக்கும் கேட்டது, பொருள் ஒருவருக்கும் புரியவில்லை. பார்வையாளரே நடிகராகும் விவாத அரங்கு அந்த நிகழ்விலிருந்து பிறந்ததாகப் போவால் எழுதுகிறார்.

நம் நாட்டிலேயே இன்னும் கனமான ஒன்று நடந்திருக்கிறது. மணிப்பூரில் ஹெய்ஸ்னம் கன்னையாலால் 2000இல், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையை நாடகமாக்கினார். ஆயுதப்படையினரால் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண், துணியை மறுத்து, நிர்வாணமாக அதிகாரி முன் போய் நிற்கும் கதை. சாபித்திரி அந்தக் காட்சியை மேடையில் ஆடை களைந்தே நடித்தார். ஒழுக்கக்கேடு என்று கண்டனங்கள் எழுந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 15 அன்று, தங்ஜம் மனோரமா கொல்லப்பட்டதை எதிர்த்து, இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் 12 பெண்கள், தாய்மார்கள், ஆடை களைந்து நின்றார்கள். நாடகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாடகத்தைப் பற்றி ஊர் ஒரு தீர்ப்புச் சொன்னது, பெண்கள் வேறொன்றைத் தங்களுக்குள் வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் கவனிக்கிறேன். இங்கே திரௌபதிக்குச் சேலை வளர்கிறது. அங்கே கண்ணன் வரவில்லை, சபை தலைகுனிந்தது.

மீண்டும் ரயிலுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணோடு பிறகும் இரண்டு மூன்று முறை பயணம் செய்தேன். ஒருநாள் அவர் அந்தப் பேச்சைத் தானாகவே எடுத்தார். அவருடைய லைனில் வேலை செய்யும் ஒரு சின்னப் பெண். வெளி மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவள். மேலே உள்ள ஒருவர் பேசும் பேச்சு, தோளில் வைக்கும் கை, எல்லாம் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. லைனில் இருபது பேர். மெஷின் ஓடுகிறது. "நானும் பாத்துக்கினு தான்கா இருந்தேன்" என்றார்.

கூத்தைப் பற்றி அவர் முதலில் சொன்ன வாக்கியத்தின் பாரம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவர் பீஷ்மனை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்து தன்னையும் பார்த்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் அது பொருந்தும். பாதிக்கப்பட்ட பெண் மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாட்சின்னா பேரு போடணுமாக்கா?"

போட வேண்டும் என்றேன். புகார் தந்தவர், சாட்சி சொன்னவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பதையும் சொன்னேன். சட்டம் சொல்வதற்கும் ஒப்பந்தக்காரர் அடுத்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னேரி போய், அனுப்பம்பட்டு போனது.

அவரைப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் நான் உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். நேர்காணலுக்கு வந்த பெண்ணிடம் திருமணம், குழந்தை, கணவர் சம்மதம் என்று ஒருவர் இளித்தபடி கேட்டுக்கொண்டே போனார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். நான் குனிந்து கோப்பைப் புரட்டினேன். எனக்கு வேலை போகும் பயம்கூட இல்லை. சங்கடம், அவ்வளவுதான். வேலை போகும் என்று தெரிந்தும் பெயர் போடலாமா என்று யோசிக்கும் ஒருத்தியின் முன்னால் நான் எந்தத் தகுதியில் அறிவுரை சொல்வது?

அதனால் என்னால் முடிந்ததைச் சொன்னேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் முதலில் பேசுங்கள்; அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள்; எழுதுவது என்று அவள் முடிவு செய்தால் எழுதித் தர நான் வருகிறேன் என்றேன். மீஞ்சூரில் இறங்கும்போது தலையாட்டினார். அது சரி என்றா, பார்க்கலாம் என்றா, தெரியவில்லை.

இந்த ஆண்டு கூத்துக்கு எங்கள் மாணவிகள் பன்னிரண்டு பேர் என்னோடு வந்தார்கள். விடிந்ததும் டீக்கடைக்குப் போனோம். டீ வாங்கிக்கொண்டு நின்றே பேசினோம். ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்கள். போன வருஷம் என் வகுப்பில் கோபமாக எழுந்த பெண் தன் பாட்டியையும் அழைத்து வந்திருந்தாள். கூத்து எப்படி இருந்தது பாட்டி என்று கேட்டேன். என்னை யாரும் கேட்டதில்லையே என்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டு, பாட்டி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். இந்த முறை எல்லோரும் குறிப்பேட்டைத் திறந்தோம்.